வளைக்குள் கை விடாமல்: கம்பியில்லா சென்சார் வலையமைப்பு, ஒரு தொடக்க விளக்கம்

அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கடற்கரைக்கு அப்பால் கிரேட் டக் என்று ஒரு சின்னத் தீவு இருக்கிறது. சுமார் 237 ஏக்கர். அங்கே லீச் ஸ்டார்ம் பெட்ரல் என்ற கடற்பறவை ஆயிரக்கணக்கில் வந்து முட்டையிடுகிறது. எடை 45 கிராம் அளவுதான் இருக்கும். மண்ணில் வளை தோண்டி, அதன் கடைசியில் ஒரே ஒரு முட்டை இடும். ஆணும் பெண்ணும் முறைவைத்து அடைகாக்கும். ஒன்று வளைக்குள் இருந்தால் மற்றது கடலில் இரை தேடிக்கொண்டிருக்கும். வருவதும் போவதும் இருட்டிய பிறகுதான்.

இந்தப் பறவை ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வளைக்குள் இருக்கிறது? தீவில் எத்தனையோ இடம் இருக்க, குறிப்பிட்ட இடத்தில் மட்டும் ஏன் வளை தோண்டுகிறது? உள்ளே சூடு எவ்வளவு, ஈரம் எவ்வளவு? பறவை ஆய்வாளர்களிடம் இருந்த பழைய வழி, தரையில் படுத்து வளைக்குள் கையை விட்டுத் தடவிப் பார்ப்பது. அடைகாக்கத் தொடங்கிய முதல் இரண்டு வாரத்தில் அப்படித் தொந்தரவு செய்தால், பெட்ரல் வளையை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட வாய்ப்பு அதிகம். ஆக, பார்க்கப் போனாலே பார்க்க வேண்டியது கெட்டுப்போகிறது.

2002 ஜூலையில் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகமும் இன்டெல்லின் ஆய்வுக்கூடமும், அந்தத் தீவை நன்றாக அறிந்த காலேஜ் ஆஃப் த அட்லாண்டிக்கும் சேர்ந்து வேறொரு வழியில் இறங்கினார்கள். வளைக்குள்ளும் வளைக்கு வெளியேயும் 32 சின்னக் கருவிகளை வைத்தார்கள். பறவைகள் திரும்பி வந்து குடியேறும் முன்பே வைத்துவிட வேண்டும், அப்புறம் யாரும் போய்த் தொடக்கூடாது என்பதுதான் திட்டத்தின் அடிப்படை.

அளந்ததைக் கம்பியில்லாமல் ரேடியோவில் சொல்கிற இப்படிப்பட்ட சின்னக் கருவிகளின் கூட்டம்தான் கம்பியில்லா சென்சார் வலையமைப்பு. அது என்ன என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் எப்போதும் இந்தத் தீவிலிருந்துதான் தொடங்குவேன். ஏனென்றால் இந்தத் துறையின் மொத்தக் கஷ்டமும் அந்த ஒரு நிபந்தனைக்குள் இருக்கிறது: வைத்த பிறகு தொட முடியாது. சுற்றுச்சூழலை அளக்கும் கருவிகள் எல்லாமே ஏறக்குறைய இப்படித்தான். ஒன்று இடம் தூரமாக இருக்கும், அல்லது ஆபத்தாக இருக்கும், அல்லது நாம் போனாலே கெட்டுவிடும்.

ஒரு நோடுக்குள் என்ன இருக்கிறது

இப்படி வைக்கப்படும் ஒவ்வொரு கருவிக்கும் நோடு என்று பெயர். அதற்குள் நான்கு பொருள்கள்: அளக்கிற சென்சார், கணக்குப் பார்க்கிற ஒரு சின்னச் சில்லு, செய்தி அனுப்புகிற ரேடியோ, இவற்றுக்கெல்லாம் சோறு போடுகிற பேட்டரி. கிரேட் டக் தீவில் பயன்பட்ட நோடுக்கு மைக்கா என்று பெயர். இரண்டு பென்சில் பேட்டரியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எவ்வளவு இடம் பிடிக்குமோ, ஏறக்குறைய அவ்வளவுதான் அதன் அளவு. அதிலிருந்த சில்லின் வேகம் 4 மெகாஹெர்ட்ஸ். வேலை நினைவகம் 4 கிலோபைட். இந்தக் கட்டுரையின் முதல் இரண்டு மூன்று பத்திகளைப் போட்டாலே அது நிரம்பிவிடும். வெப்பநிலை, ஈரப்பதம், காற்றழுத்தம், வெளிச்சம் ஆகியவற்றை அளக்கும் சென்சார்கள் அதன்மேல் இருந்தன. கூடவே, எதிரில் உள்ள பொருளின் உடற்சூட்டை அகச்சிவப்புக் கதிர் மூலம் உணர்கிற ஒன்றும் இருந்தது. பறவை வளைக்குள் இருக்கிறதா இல்லையா என்பதை அதுதான் சொல்ல வேண்டும்.

நோடுகள் தனித்தனியாக இணையத்தோடு பேசுவதில்லை. அவற்றின் ரேடியோவுக்கு அவ்வளவு பலம் கிடையாது. பக்கத்தில் ஒரு கேட்வே இருக்கும். அது கொஞ்சம் பெரிய கருவி, பெரும்பாலும் சோலார் பேனலோடு இருக்கும். நோடுகள் சொல்வதையெல்லாம் வாங்கி மேலே அனுப்புவது அதன் வேலை. தீவில் கேட்வே வாங்கியதை, பழைய கலங்கரை விளக்கக் காவலர் வீட்டில் வைத்திருந்த கணினி சேமித்துக்கொண்டு, செயற்கைக்கோள் இணைப்பு வழியாக பெர்க்லிக்கு அனுப்பியது. வளை, கேட்வே, கணினி, செயற்கைக்கோள், ஆய்வுக்கூடம். இன்றைக்கும் உலகத்தில் எந்த மூலையில் இப்படி ஒரு வலையமைப்பைப் பார்த்தாலும் இதே ஏணிதான். பொருள்களின் பெயர்தான் மாறியிருக்கும்.

பேசுவது மலிவு, காது கொடுப்பது செலவு

இனி வருவதுதான் முக்கியமான பகுதி. கொஞ்சம் கணக்கு வரும், ஆனால் நான்காம் வகுப்புக் கணக்குதான்.

பெட்ரல் ஆய்வாளர்களுக்கு நோடு ஒன்பது மாதம் உயிரோடு இருக்க வேண்டும். நடுவில் பேட்டரி மாற்ற முடியாது. இரண்டு பென்சில் பேட்டரியிலிருந்து நம்பி எடுக்கக்கூடியது 2,200 மில்லியாம்பியர்-மணி (பேட்டரியில் எவ்வளவு மின்சாரம் இருக்கிறது என்று சொல்லும் அலகு) என்று வைத்துக்கொண்டார்கள். ஒன்பது மாதம் என்றால் 270 நாள். வகுத்தால் ஒரு நாளைக்கு 8.148 மில்லியாம்பியர்-மணி. இது நோடின் அன்றாடப் படி. ஒரு நாள் கூடச் செலவழித்தால் இன்னொரு நாள் பட்டினி கிடக்க வேண்டும்.

சரி, இந்தப் படியை எது தின்கிறது? அந்தக் குழு ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு செலவு என்று அளந்து வைத்தது. ஒரு செய்திப் பொட்டலத்தை அனுப்ப 20 நானோ ஆம்பியர்-மணி. (நானோ என்பது மில்லியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.) யாராவது பேசுகிறார்களா என்று ரேடியோவைத் திறந்துவைத்துக் காத்திருக்க, ஒரு மில்லிவிநாடிக்கு 1.25 நானோ ஆம்பியர்-மணி. முதல் பார்வைக்கு அனுப்புவதுதான் அதிகச் செலவு மாதிரி தெரியும். ஆனால் அனுப்புவது எப்போதாவது நடப்பது. காத்திருப்பது நிறுத்தாவிட்டால் நாள் முழுக்க நடப்பது.

தீவில் 70 விநாடிக்கு ஒருமுறை அளவெடுத்தார்கள். அளவுக்கு ஒரு பொட்டலம் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 1,234 பொட்டலம். அதற்கு ஆகிற மொத்தச் செலவு 0.025 மில்லியாம்பியர்-மணிதான். படியில் முந்நூறில் ஒரு பங்குகூட இல்லை. அதே ரேடியோவை மூடாமல் காது கொடுத்தபடி வைத்திருந்தால் அன்றைய படி 1 மணி 48 நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஒன்பது மாதம் வர வேண்டிய பேட்டரி இருபது நாளில் காலி.

இதைப் படிக்கிற உங்களுக்கு ஒரே ஒரு விஷயம் மனதில் நிற்க வேண்டும் என்றால் இதுவே நிற்கட்டும். நோடின் செலவில் அளப்பது அற்பம், சொல்வது சின்னது, யாராவது சொல்வார்களோ என்று காத்திருப்பதுதான் பெரியது. அதனால் நல்ல நோடு தன் வாழ்நாளில் பெரும்பகுதியைத் தூங்கியே கழிக்கும். கண்விழிக்கும், சென்சாருக்கு மின்சாரம் கொடுக்கும், அது நிதானத்துக்கு வரும்வரை காத்திருக்கும், எண்ணை வாங்கும், அனுப்பும், மறுபடி படுத்துவிடும். நீங்கள் எழுதப்போகிற நிரலில் மிக முக்கியமான வரி சென்சாரைப் படிக்கும் வரி அல்ல, சரியாகத் தூங்கவைக்கும் வரிதான். நிரல் தூங்கச் சொன்னாலும் பலகையில் எரிந்துகொண்டிருக்கும் ஒரு சின்ன எல்.இ.டி. போதும், கணக்கெல்லாம் பொய்யாகிவிடும். பேட்டரிக் கம்பியில் மல்டிமீட்டரைத் தொடராக மாட்டி, தூங்கும்போது எவ்வளவு மின்னோட்டம் போகிறது என்று அளந்து பார்க்காத நோடை வயலுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கிரேட் டக்கில் முதல் வருடம் நோடுகள் கேட்கவே இல்லை. அனுப்பும், தூங்கும், அவ்வளவுதான். எல்லா நோடும் கேட்வேக்கு எட்டும் தூரத்தில் இருந்ததால் அது சாத்தியமானது. தூரம் கூடினால் என்ன செய்வது? ஒரு நோடு சொன்னதை அடுத்தது வாங்கி அதற்கடுத்ததிடம் தர வேண்டும். கான்கிரீட் போடுகிற இடத்தில் வரிசையாக நின்று சட்டியைக் கைமாற்றுவதுபோல. நல்ல யோசனைதான். ஆனால் சட்டி வாங்க வேண்டுமானால் கையை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நோடுக்கு அது காது கொடுப்பது, அதாவது செலவு.

இதற்குக் கண்டுபிடித்த சமாதானம், விட்டுவிட்டுக் கேட்பது. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை ரேடியோவை ஒரு கணம் மட்டும் திறந்து, காற்றில் ஏதாவது சத்தம் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் உடனே மூடிவிடுவது. அனுப்புகிறவர் இதைத் தெரிந்து, கேட்கிறவர் விழிக்கும்வரை நீளமாகக் கூப்பிட்டுவிட்டுப் பிறகு விஷயத்தைச் சொல்ல வேண்டும். 2003-ல் அதே தீவில் நோடுகளின் எண்ணிக்கையை 150 அளவுக்கு உயர்த்தி, ஒரு பகுதியில் இந்தக் கைமாற்று முறையைச் சோதித்தார்கள். எட்டும் தூரம் கூடியது. ஆனால் தனக்கு இல்லாத பேச்சையும் ஒவ்வொரு நோடும் விழித்துக் கேட்க வேண்டியிருந்ததால் பேட்டரி சீக்கிரம் தீர்ந்தது. இன்னொன்றையும் யோசியுங்கள். வரிசையில் கேட்வேக்கு மிக அருகில் இருக்கும் நோடு எல்லோருடைய சட்டியையும் தூக்க வேண்டும். முதலில் களைத்து விழுவது அதுதான். அது விழுந்தால் பின்னால் உள்ள அத்தனை பேரும் நன்றாக இருந்தும் ஒருவரும் இல்லாத மாதிரி ஆகிவிடும்.

இன்றைக்கு ஆரம்பிக்கிறவர்கள் பெரும்பாலும் லோரா ரேடியோவை எடுக்கிறார்கள். வேகத்தை விட்டுக்கொடுத்துத் தூரத்தை வாங்கிக்கொள்கிற முறை அது. திறந்த வெளியில் சில கிலோமீட்டர் எட்டும். இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையை வரம்புக்கு உட்பட்ட திறனில் உரிமம் வாங்காமலே பயன்படுத்தலாம் என்பதால் லோரா கருவிகள் இங்கே அதில்தான் ஓடுகின்றன. எட்டும் தூரம் அதிகமாகிவிட்டதால் கைமாற்றுத் தொல்லை போய்விட்டது. நோடு நேராகக் கேட்வேயிடம் பேசும். லோரா நோடும் கேட்வேயும் எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும் என்று சொல்லும் லோராவான் ஒழுங்கில் பேட்டரி நோடுகளுக்கு ஏ வகுப்பு என்று ஒன்று உண்டு. அதில் நோடு தான் பேசி முடித்த பிறகு மட்டும், இரண்டே இரண்டு முறை, கொஞ்ச நேரம் காதைத் திறக்கும். கேட்வேக்கு ஏதாவது சொல்ல வேண்டுமானால் அந்த இடைவெளியில்தான் சொல்ல வேண்டும். தவறவிட்டால் அடுத்த முறை நோடு பேசும்வரை பொறுத்திருக்க வேண்டும். கிரேட் டக்கின் மில்லிவிநாடிக் கணக்கு எங்கே வந்து நிற்கிறது, பார்த்தீர்களா?

லோராவில் ஒரு செய்தியில் அள்ளிக் கொட்ட முடியாது, சில பத்து பைட்டுகள்தான். அதனால் எண்ணைச் சுருக்கப் பழக வேண்டும். வெப்பநிலை 28.4 என்பதை அப்படியே எழுத்தாக அனுப்பினால் நான்கு பைட். பத்தால் பெருக்கி 284 என்ற முழு எண்ணாக்கினால் இரண்டே பைட். ஈரப்பதத்துக்கு ஒன்று, பேட்டரி அளவுக்கு ஒன்று, பொட்டலத்தின் வரிசை எண்ணுக்கு இரண்டு. ஆறு பைட்டில் ஒரு இடத்தின் நிலவரம் முழுதும் அடங்கிவிடுகிறது. அந்தப் பேட்டரி அளவையும் வரிசை எண்ணையும் எதற்காகச் சேர்த்தேன் என்பதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை அளக்க வேண்டும் என்பதை, அளக்கப்படும் பொருள்தான் முடிவு செய்ய வேண்டும். மண்ணின் ஈரம் அரைமணி நேரத்தில் அப்படி ஒன்றும் மாறிவிடாது. எரிமலை அப்படியல்ல. 2005-ல் ஈக்வடாரின் ரெவன்டடோர் எரிமலையில் ஹார்வர்ட் குழு வைத்த 16 நோடுகள் விநாடிக்கு 100 முறை அளந்தன. அவ்வளவையும் ரேடியோவில் அனுப்ப வழியே இல்லை. அதனால் நோடுகள் தம்மிடமே சேமித்துக்கொண்டு, அதிர்வு வந்ததாகப் பல நோடுகள் ஒருசேரச் சொன்னால் மட்டும் அந்த நேரத்துப் பதிவைக் கேட்வே இழுத்துக்கொண்டது.

தண்ணீர், இலை, வெயில்

மேசைமேல் ஓடிய வலையமைப்பு வயலில் ஏன் விழுகிறது என்பதற்கு நல்ல சாட்சி, ஒரு உருளைக்கிழங்கு வயல். 2005-ல் நெதர்லாந்தில் போர்கர் என்ற ஊர் அருகே, உருளைச் செடியைத் தாக்கும் கருகல் நோய்க்கு முன்கூட்டியே எச்சரிக்கை கொடுக்க, நூற்றுக்கும் மேற்பட்ட நோடுகளை வயலில் நட்டார்கள். இலைக்கூட்டத்துக்குள் இருக்கும் ஈரமும் சூடும்தான் அந்த நோயின் விளைநிலம் என்பதால், அளக்க வேண்டியது அங்கேதான். பருவம் முடிந்தபோது வந்துசேர்ந்திருந்தது, வரவேண்டிய தரவில் 2 சதவீதம். நிரலில் பிழைகள் இருந்தன. செய்தியைக் கடத்தும் முறையிலும் கோளாறு இருந்தது. அந்தக் குழு அதையெல்லாம் மறைக்காமல் ஒன்றுவிடாமல் எழுதி வெளியிட்டது. எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை. வெற்றி பெற்ற ஐம்பது திட்டங்களின் அறிக்கையைவிட அந்த ஒன்று அதிகம் கற்றுக்கொடுத்திருக்கிறது.

இலைகளைப் பற்றி அதிலிருந்து தெரிவது இது. இலை என்பது ரேடியோவுக்குத் தண்ணீர்ப் பை மாதிரி. அலை உள்ளே போய்ப் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். செடி முழங்கால் உயரத்துக்கு மேல் வளர்ந்து நெருக்கமானதும், முன்பு நன்றாகப் பேசிக்கொண்டிருந்த நோடுகள் ஒன்றுக்கொன்று எட்டாமல் போகும். ஆகவே காலி வயலில் நடந்து எட்டும் தூரத்தைச் சோதித்துவிட்டு, அதுதான் கணக்கு என்று நம்பக்கூடாது. பயிர் முழு வளர்ச்சியில் இருக்கும்போது சோதியுங்கள், அல்லது ஆண்டெனாவைப் பயிர் எட்டமுடியாத உயரத்துக்கு ஏற்றுங்கள். சென்சார் கீழே இருக்கட்டும், ஆண்டெனா மேலே இருக்கட்டும், நடுவில் ஒரு கேபிள்.

தண்ணீருக்கு வருவோம். கிரேட் டக் குழு தன் நோடுகளின் சுற்றுப்பலகை மீது பாரிலீன் என்ற மெல்லிய பூச்சு பூசித்தான் அனுப்பியது. அது சுற்றைக் காக்கும். ஆனால் சென்சார் வெளிக்காற்றைத் தொட்டாக வேண்டுமே! ஈரத்தை அளக்கும் சென்சாரை ஈரத்திலிருந்து முழுக்க மறைத்துவைக்க முடியாது. கடலோர மூடுபனி, மழை, இரண்டும் அந்தச் சின்ன வழியாக உள்ளே போயின.

மழைக்காலம் முடிந்து ஒரு நோடுப் பெட்டியைத் திறந்து பார்த்தால் இந்தப் பிரச்சினை உடனே புரிந்துவிடும். மூடியின் உள்பக்கத்தில் வியர்த்ததுபோல் நீர்த்துளி. மழைநீர் ஒழுகாத பெட்டிதான், ஆனால் பகலில் சூடாகி இரவில் குளிரும்போது பெட்டி மூச்சு விடுகிறது. வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. அந்தக் காற்றிலிருந்த ஈரம் இரவில் படிகிறது. பேட்டரியின் முனையில் பச்சைப் படிவு. மூலையில் எறும்பு வெள்ளை முட்டைகளை அடுக்கிவைத்திருக்கும். கேபிள் பெட்டிக்குள் நுழையும் துளை மேல்பக்கத்தில் இருந்தால் கேபிள்மேல் வழியும் மழை நேராக உள்ளேதான் போகும். துளையைக் கீழ்ப்பக்கம் போடுங்கள். கேபிளை நுழையும் முன் ஒரு வளைவு தொங்கவிடுங்கள், தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். உள்ளே ஈரத்தை உறிஞ்சும் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் வையுங்கள். இதெல்லாம் எந்தப் பாடப்புத்தகத்திலும் முதல் அத்தியாயத்தில் இருக்காது, ஆனால் முதல் மழையில் கேட்கப்படும் கேள்விகள் இவைதான்.

வெயிலும் பொய் சொல்லவைக்கும். நோடை நேரடி வெயிலில் வைத்தால், அது அளப்பது காற்றின் வெப்பத்தை அல்ல, தன் பெட்டியின் வெப்பத்தை. வானிலை நிலையங்களில் வெள்ளையடித்த, சாய்ந்த பலகைச் சட்டங்கள் போட்ட கூண்டுக்குள் வெப்பமானி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெயில் படாமல் காற்று மட்டும் புகுந்து போவதற்காகத்தான் அந்த ஏற்பாடு. வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டுகளை இடைவெளி விட்டுக் கவிழ்த்து அடுக்கினால் நம் நோடுக்கும் அதே கூண்டு கிடைத்துவிடும்.

வந்த எண்ணை நம்பலாமா

நோடு ஒன்று 31.2 என்று சொல்கிறது. அது உண்மையா? பக்கத்தில் நின்று பார்க்க நாம் அங்கே இல்லை. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இந்தக் கேள்விதான். மேலே சேர்த்துவைத்த பேட்டரி அளவும் வரிசை எண்ணும் இங்கேதான் வேலைக்கு வருகின்றன.

கலிபோர்னியாவின் சொனோமாவில் சுமார் 70 மீட்டர் உயர ரெட்வுட் மரம் ஒன்றில், 15 மீட்டர் உயரத்திலிருந்து உச்சிவரை 33 நோடுகளைக் கட்டினார்கள். 44 நாள், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவு. ஒரே மரத்தில் உச்சிக்கும் கீழ்ப்பகுதிக்கும் இடையே சூடும் ஈரமும் நேரத்துக்கு நேரம் எப்படி மாறிமாறி நகர்கின்றன என்பது அதில் தெரிந்தது. தரவைச் சலித்தபோது இன்னொன்றும் தெரிந்தது: பேட்டரி 2.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதும் நோடு சாகாமல், நம்பமுடியாத எண்களைச் சொல்லத் தொடங்கியது. பேட்டரி அளவு கூடவே வந்திருந்ததால் எந்த எண்ணை ஒதுக்க வேண்டும் என்று அவர்களால் முடிவுசெய்ய முடிந்தது. அது இல்லாவிட்டால், ஒரு மாலையில் மரத்தின் நடுவில் மட்டும் திடீரென்று ஏன் இப்படிச் சூடானது என்று யாராவது கட்டுரை எழுதிக்கொண்டிருப்பார்கள்.

கிரேட் டக் தீவின் கதை இதைவிட அழகானது. ஈரப்பதச் சென்சார் சில நோடுகளில் சாத்தியமே இல்லாத எண்களைக் காட்டியது. கெட்டுப்போன சென்சார், தரவைத் தூக்கிப்போடு என்று விட்டிருக்கலாம். அவர்கள் அதைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். அப்படிக் காட்டிய நோடுகள் மற்றவற்றைவிடச் சீக்கிரம் செத்துப்போயின. சென்சார் பொய் சொல்லவில்லை; பெட்டிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது என்று தனக்குத் தெரிந்த ஒரே மொழியில் சொல்லிக்கொண்டிருந்தது. அதுமுதல் அந்த எண் அவர்களுக்கு நோடின் உடல்நிலை அறிக்கை ஆனது.

வரிசை எண்ணின் பயன் வேறு. 417-க்கு அடுத்து 421 வந்தால், நோடு உயிரோடுதான் இருந்தது, அளந்தது, அனுப்பியது, நடுவில் மூன்று பொட்டலம் காற்றில் தொலைந்தது என்று பொருள். அப்படியானால் ஆண்டெனாவைப் பாருங்கள். 417-க்கு அடுத்து 1 வந்தால் நோடு ஒருமுறை அணைந்து மீண்டிருக்கிறது. அப்படியானால் பேட்டரி முனையைப் பாருங்கள். திரையில் இரண்டுமே வெறும் இடைவெளியாகத்தான் தெரியும். அந்த இடைவெளிக்குக் காரணம் என்ன என்று எண் மட்டுமே சொல்லும்.

இன்னொரு பழக்கம்: வயலுக்குக் கொண்டுபோகும் முன் எல்லா நோடையும் ஒரே அறையில், ஒரே இடத்தில் இரண்டு நாள் வைத்து ஓடவிடுங்கள். எல்லாம் ஒரே எண்ணைச் சொல்லாது. எது எவ்வளவு கூட்டிச் சொல்கிறது, எது குறைத்துச் சொல்கிறது என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்து திரும்பக் கொண்டுவந்த பிறகும் அதேபோல ஒருமுறை வையுங்கள். இடையில் சென்சார் எவ்வளவு விலகியது என்று அப்போது தெரியும். மலைச்சரிவின் கீழே உள்ள நோடுக்கும் மேலே உள்ள நோடுக்கும் அரை டிகிரி வித்தியாசம் இருப்பதாக நாளை நீங்கள் சொல்லும்போது, அது மலையின் வித்தியாசமா, சென்சாரின் வித்தியாசமா என்று கேட்டால் பதில் இருக்க வேண்டுமல்லவா?

மூணாற்றின் சரிவில்

இதுவரை சொன்னவற்றில் நேரம் நம் பக்கம் இருந்தது. பெட்ரலின் வளைச்சூடு இன்றைக்கு வந்தாலும் நாளைக்கு வந்தாலும் ஆய்வுக்கு ஒன்றுதான். ஆனால் சில இடங்களில் அப்படிக் காத்திருக்க முடியாது.

கேரளத்தின் மூணாற்றில் அந்தோணியார் காலனி என்ற குடியிருப்பு மலைச்சரிவின் அடியில் இருக்கிறது. 2005-ல் நிலம் சரிந்து உயிர்களைப் பலிகொண்ட இடம். அமிர்தா பல்கலைக்கழகக் குழு அந்தச் சரிவில் நிலச்சரிவு எச்சரிக்கைக்காக ஒரு கம்பியில்லா சென்சார் வலையமைப்பை நிறுவியது. மழை எப்படிச் சரிவாக மாறுகிறது என்று தெரிந்தால் அவர்கள் எதை அளந்தார்கள் என்பது புரியும். மழைநீர் மண்ணுக்குள் இறங்கி மண் துகள்களுக்கு இடையிலுள்ள சந்துகளை நிரப்புகிறது. நிரம்பியதும் அந்த நீர் துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கித் தள்ளுகிறது. துகள்களின் பிடி தளர்கிறது. அந்த நீரழுத்தம் ஒரு எல்லையைத் தாண்டினால் சரிவு தன் எடையைத் தாங்க முடியாமல் நகர்கிறது. அதனால் முக்கியமான சென்சார், ஆழமான துளைக்குள் இறக்கிவைத்த நீரழுத்தமானி. கூடவே மழைமானி, மண் ஈரமானி, நிலம் சாய்வதை உணர்கிற கருவிகள்.

ரேடியோ அலை மண்ணை எளிதில் துளைத்து வராது. எனவே சென்சார்கள் மண்ணுக்குள், நோடு தரைக்கு மேலே. சாதாரண நாளில் நிதானமாக அளக்கும். மழையும் அழுத்தமும் கூடக்கூட அடிக்கடி அளக்கும். வருடத்தில் முக்கால்வாசி நாள் ஒன்றும் நடக்காத இடத்தில் பேட்டரியை மிச்சம்பிடிப்பதற்கு இதுதான் வழி. 2009 ஜூலையில் கனமழையின்போது அழுத்தம் ஏறுவதைப் பார்த்து அவர்கள் எச்சரிக்கை கொடுத்தார்கள்.

இதிலுள்ள கொடுமையான சிக்கலைக் கவனியுங்கள். இந்த வலையமைப்பு மிகக் கடுமையாக உழைக்க வேண்டிய நாட்களில்தான் சூரியன் வராது. சோலார் பேனல் சும்மா நிற்கும். மின்கம்பி அறுந்திருக்கும், தொலைபேசிக் கோபுரம் படுத்திருக்கும். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாற்றுக்குப் பக்கத்தில் பெட்டிமுடியில் மலை சரிந்து எஸ்டேட் லயங்களின்மேல், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளின்மேல், விழுந்தது. 70 பேரை இழந்தோம். பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து தலைமுறைக்கு முன்பு தேயிலை பறிக்கப் போன குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். மின்சாரமும் தொலைபேசியும் இல்லாமல், நடந்ததை வெளியே சொல்லவே மறுநாள் காலை ஆகிவிட்டது. எச்சரிக்கை வலையமைப்பு திட்டமிடுகிறவர் பேட்டரி அளவை முடிவுசெய்யும்போது, பளிச்சென்ற ஏப்ரல் மாதத்தை நினைக்காமல் அந்த மாதிரி ஒரு இரவை நினைத்து முடிவுசெய்ய வேண்டும். தொடர்ந்து எத்தனை நாள் வெயில் இல்லாமல் கேட்வே நிற்கும்? தொலைபேசி போனால் வேறு எந்த வழியில் செய்தி போகும்? கடைசியாக, லயத்தில் தூங்கிக்கொண்டிருக்கிறவரை எழுப்பப்போவது யார்? கடைசிக் கேள்விக்கு எந்தச் சென்சாரிலும் விடை இல்லை. அங்கே ஒரு மனிதர் பொறுப்பேற்றிருக்க வேண்டும், ஊர் அவரை நம்ப வேண்டும்.

நீங்கள் தொடங்குவதானால்

இருபது நோடு வாங்காதீர்கள். இரண்டு வாங்குங்கள், ஒரு கேட்வே. இரண்டையும் மொட்டைமாடியில் ஒரு கை இடைவெளியில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒரே இடத்தில் எதற்கு இரண்டு என்று வீட்டில் கேட்பார்கள். ஒன்று மற்றதற்குச் சாட்சி என்று சொல்லுங்கள். ஒன்றில் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போடுங்கள், மற்றதில் போடாதீர்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாத மழையும் அதன்மேல் பெய்யட்டும். நடுவில் ஏறிப்போய்த் திறந்து பார்க்கக் கை பரபரக்கும், போகாதீர்கள். திரையில் வருகிற எண்களையும் வராமல்போன எண்களையும் வைத்துக்கொண்டே, ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் என்ன நடக்கிறது என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவாருங்கள். மார்கழி பிறந்ததும் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு மேலே போய் இரண்டு மூடியையும் திறங்கள், நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.